செயின்ட் மார்ட்டின் வீதியில் உன்னைத் தேடினோம்

ரெட்டியார்பாளையம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள கார்குழலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், வெயில் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. நீ சுகமாக இருக்கிறாய் என்பதை உன் போட்டோவைப் பார்த்தே தெரிந்துகொண்டோம், அந்தப் போட்டோ எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போன் வந்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவர் கதையைச் சொல்ல முடியுமா. எதிர்வீட்டு ஜோசப் ஆனந்த் ஈஸ்டர் லீவு முடிந்து வியாழக்கிழமை பாரீசுக்குத் திரும்புகிறார். பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன், அங்கிருந்து உன் ஊருக்குப் பார்சல் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஊறுகாய் எண்ணெய் கடிதத்தில் இறங்கியிருந்தால் அதையும் அம்மா பாசம் என்று வைத்துக்கொள்.

சனிக்கிழமை நீ கூடப் படிக்கிற பிள்ளைகளோடு ரயிலேறி ஏதோ கடலோர ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனது எங்களுக்குத் தெரியாது, நீ சொன்னால்தானே தெரியும். ராத்திரி நீ போட்ட ஸ்டேட்டஸை விடிந்ததும் முதலில் பார்த்தது கனகசெட்டிக்குளத்து அத்தை. உன் கன்னியம்மா அத்தையைப் பற்றி உனக்கே தெரியும், வலை காயவைக்கிற இடத்தில் நின்றுகொண்டே ஊர் உலகத்து ஸ்டேட்டஸ் எல்லாம் பார்த்து முடித்துவிடுவார். நான் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மேனகா, ஒம் பொண்ணு பிரான்சுல இருக்குறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கிற, அவ இங்கதான் செயின்ட் மார்ட்டின் வீதியில ஐஸ் தின்னுகினு நிக்கிறா, பக்கத்துல நிக்கிறவன் வில்லியனூர் பையன், மூக்கப் பாத்தாலே தெரியுது என்றார். நானும் அப்பாவும் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தோம். மஞ்சள் சுவர் இருக்கிறது, அதன்மேல் காகிதப்பூ கொட்டிக்கிடக்கிறது, வெயில் அடிக்கிறது, மூலையில் நீலப் பலகையில் ரூ சேன் மர்த்தேன் என்று, செயின்ட் மார்ட்டின் வீதியேதான், பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. பலகையின் கீழ்ப்பாதியை அந்தப் பையனின் பரட்டைத் தலை மறைத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து வீடுகள் நிற்கிற நம் ஊர் ஒயிட் டவுன் இல்லாமல் வேறு எது என்று நீயே சொல். இதில் நீ முடியை வேறு கழுத்துவரைக்கும் வெட்டிவிட்டு நிற்கிறாய். கார்குழலி என்று பெயர் வைத்தது அந்தக் குழலைப் பார்த்துத்தான், இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம். அடையாளம் தெரியாமல் இருக்கத்தான் வெட்டிக்கொண்டாள் என்று அதற்கும் அத்தை ஒரு காரணம் வைத்திருந்தார்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டு இட்லியைப் பார்த்திருப்பேன். போன மாதம் நீ அழுதாயே, வகுப்பில் வேகமாகப் பேசுகிறார்கள் ஒன்றும் பிடிபடவில்லை, தனியாகச் சாப்பிடுகிறேன், வந்துவிடட்டுமா என்று கேட்டாயே. அப்பாதான் பரீட்சை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கினு இரும்மா என்றார். அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் நல்லா இருக்கேன் என்று ஒரே பதில், பாதியில் வகுப்பு என்று வைத்துவிடுவாய். உடனே உனக்கு போன் போட்டோம், ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்பப் போட்டோம், அதே ஸ்விட்ச் ஆஃப். அப்பா முகம் சுண்டிவிட்டது. படிப்ப விட்டுட்டு வந்துட்டா, நான் இருன்னு சொன்னதால வீட்டுக்கு வரப் பயந்துக்கினு எங்கயோ ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறா என்று அவராகவே முடிவுக்கு வந்துவிட்டார். என் வாய் சும்மா இருக்குமா, வரட்டும் அவள், அந்த ஐஸ் குச்சியாலேயே நாலு வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே புடவை மாற்றினேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். இந்திரா காந்தி சிலை சிக்னலில் பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துக் கத்துகிறான், இவர் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நிற்கிறார். பெரிய வாய்க்காலைத் தாண்டி ஒயிட் டவுனுக்குள் போனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பெங்களூர் வண்டியாக நிற்கிறது, ஒவ்வொரு மஞ்சள் சுவர் முன்னாலும் போட்டோ எடுக்கிற கும்பல். உன் அப்பா போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக ஒத்துப் பார்க்க ஆரம்பித்தார். இங்க பூ இருக்குது பலகை இல்ல, இங்க பலகை இருக்குது பூ இல்ல என்று வாஸ்து பார்க்கிறவர் மாதிரி வீதியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கிறார். ஒரு ஓட்டல் வாட்ச்மேன் வந்து ஷூட்டிங்குக்கு லொகேஷன் பாக்குறீங்களா சார், எந்தக் கம்பெனி என்று கேட்டார். அதைவிடக் கூத்து, வடக்கத்தி ஜோடி ஒன்று இவரை கைடு என்று நினைத்துப் பின்னாலேயே வந்தது, இவர் எந்தச் சுவரை அண்ணாந்து பார்த்தாரோ அதையெல்லாம் அவர்களும் பயபக்தியாக அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் ஒரு சுவர் கிடைத்தது. மஞ்சள் சுவர், காகிதப்பூ, பலகை மூன்றும் சரியாக இருந்தன. பக்கத்திலேயே ஒரு கெஸ்ட் ஹவுஸ், கதவு மூடியிருந்தது. அப்பா மணியடிக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்று என் பக்கம் திரும்பினார். உள்ள இருந்தா திட்டாத, ஒண்ணும் கேக்காத, மொதல்ல சாப்டியான்னு மட்டும் கேளு என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அவர் கோபமாகத் தேடுகிறார் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே அவர் முகத்தைப் பார்த்தால் நானும் அழுதுவிடுவேனோ என்று தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. நம் ஊர்ப் பலகையில் மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். பரட்டைத் தலை மறைத்த இடத்தில் அந்தத் தமிழ் இருக்கிறதா இல்லையா என்பதுதானே கேள்வி, அதை விட்டுவிட்டு நாங்கள் பூவையும் சுவரையும் எண்ணிக்கொண்டு திரிகிறோம். இதை நான் அவரிடம் சொல்லி முடிப்பதற்குள் உன் போன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கிறது, நீ கொட்டாவி விட்டுக்கொண்டே, நேற்று முழுக்கப் படம் எடுத்து சார்ஜ் போய்விட்டது, இப்போதுதான் எழுந்து போட்டேன் என்கிறாய். என்னம்மா ஒரே சத்தம், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாய். காத்து வாங்க பீச்சுக்கு வந்தோம் என்றேன். உச்சிவெயிலில் எவளாவது பீச்சுக்குக் காத்து வாங்க வருவாளா, அதைக்கூட யோசிக்காமல் நீ பாட்டுக்கு ரயில், கோட்டை, கடல், கால் வலிக்கிற வரைக்கும் நடந்தது, திரும்பும்போது கடைசி ரயிலுக்கு ஓடினது என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனாய். மற்ற படங்களையும் அனுப்பினாய், அதில் பலகை முழுசாக இருந்தது, கீழே தமிழ் இல்லை, நீ போன கடலோர ஊரிலும் அதே பெயரில் ஒரு வீதி இருந்திருக்கிறது. அந்தப் பையன் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்காரனாம், குடும்பப் பெயர் ஆறுமுகமாம், ஆனால் தமிழில் வணக்கம்கூடத் தெரியாதாம், அவன் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா கரும்பு வெட்ட நம் பக்கத்திலிருந்துதான் கப்பலேறிப் போனாராம். அப்படிப் பார்த்தால் அத்தை சொன்ன வில்லியனூர் மூக்கு ஒரேயடியாகப் பொய்யும் இல்லை. இதை அத்தையிடம் சொல்லிவிடாதே, பிறகு கையில் பிடிக்க முடியாது.

நீ போனை வைத்த பிறகு அந்த வடக்கத்தி ஜோடி எங்களைச் சுவர் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஒயிட் டவுனில் நானும் உன் அப்பாவும் சேர்ந்து எடுத்த முதல் படம். பிரிண்ட் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். அதில் நான் சிரிக்கிறேன், அவர் சிரிக்கவில்லை. ஏன் என்று வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் எனக்கே விளங்கியது. ஐஸ் குச்சியால் அடிப்பேன் என்று கிளம்பினவள், கிளம்புவதற்கு முன் உனக்கும் சேர்த்து குக்கரில் அரிசி போட்டிருக்கிறேன். குக்கரைத் திறந்து சோற்றைப் பார்த்தவர் ரெண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டார். நீ அங்கே நாலு பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருப்பதில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. ஆனாலும் அந்த மூடின கதவுக்குப் பின்னால் நீ இருந்திருக்கலாம் என்று எனக்கும் அவருக்கும் ஒரு ஓரத்தில் ஆசையாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தலைக்கு எண்ணெய் வை, இருக்கிற முடியையாவது காப்பாற்று. உனக்கு சைனஸ், ஐசைக் குறை. வெளியே போனால் ஒரு வரி சொல்லிவிட்டுப் போ, சார்ஜர் எடுத்துக்கொண்டு போ, போட்டோ எடுத்தால் பலகை முழுசாகத் தெரிகிற மாதிரி எடு. பரீட்சையை நன்றாக எழுது. நன்றாக எழுத வரவில்லையா, அதற்காக ஒளிந்துகொள்ளாதே. ஜெயித்தாலும் தோற்றாலும் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து நேரே ரெட்டியார்பாளையம் வந்துவிடு. எங்களை மறுபடியும் சுவர் சுவராக அலைய விடாதே, உன் அப்பாவுக்கு முட்டி வலி.

மணக்குள விநாயகர் உனக்குத் துணை இருக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அப்பா தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். மேலே இருப்பதைப் படிக்க முடியாதபடி மடித்துக் கீழே மட்டும் இடம் விட்டுக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மேனகா

கண்ணு, சாப்டியா?
அப்பா