மூதூர் லாஞ்சில் பொல்லடி

நானா,

நேற்று பஸ் நிலையத்துக் கடையில் கொத்து ரொட்டி கொத்தத் தொடங்கினார்கள். அந்த டக்கடி டக்கடியைக் கேட்டதும் என் கால் தன்பாட்டுக்கு இரண்டடி முன்னே வைத்தது. உடம்பு குனிந்து சுழன்றது. என் குடை முன்னால் நின்றவரின் குடையில் ஒரு தட்டுத் தட்டியது. அவர் மாவட்டக் கச்சேரியில் பெரிய உத்தியோகத்தராம். "என்ன ஐயா, சுகமில்லையோ?" என்றார். "இப்ப சுகம்" என்றேன். மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் என்னைச் சந்தியில் ஆட்டிவைக்கிறீர்கள்.

கலியாணத்துக்கு நாம் இரண்டு பேரும் போன தோணி குடாவில் கவிழ்ந்ததே, அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றும் நடக்காததுபோலத் தையல் மெஷினுக்குத் திரும்பினீர்கள். எனக்கோ வாளித் தண்ணீரைக் கண்டாலே மூச்சு முட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் மகள் பிள்ளை பெற்றாள். எந்தப் பக்கத்தால் போனாலும் தண்ணீர். ஜெட்டிவரை போவேன்; கால் திரும்பிவிடும். வீட்டில் வயிற்றுவலி என்பேன். "பேரன் தவழத் தொடங்கிட்டானாம். உங்கட வயிறு எப்ப ஆறும்?" என்று மனைவி கேட்டாள்.

டாக்டரின் குளிசை நித்திரையைத்தான் தந்தது. "பயம் தலையில இல்ல தம்பி, காலில கெடக்கு. தலையோட கதைச்சு என்ன? காலுக்கு வேற வேல குடுப்பம்" என்று உங்கள் பொல்லடி ஆட்ட வட்டத்துக்குள் என்னை இழுத்துவிட்டீர்கள். பொல்லோடு பொல் தட்டவேண்டிய இடத்தில் உங்கள் பெருவிரலைத் தட்டினேன். பெருநாள் உடுப்புத் தைக்கும் காலம் வேறு. "சட்டைக் கை கோணலெண்டா உங்கட பேரத்தான் சொல்லுவன்" என்றீர்களே தவிர, வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த தட்டு எங்கே என்ற கவலையில் மூச்சு மெல்லச் சீராகியது.

பிறகு ஒருநாள் என்னை லாஞ்சில் ஏற்றி, என் கையிலும் பொல்லைத் தந்து முன்னால் குந்தினீர்கள். லாஞ்ச் மெஷின் உறுமியதும் எழும்பப் பார்த்தேன். டக். நீங்கள் தட்டினால் நான் பதிலுக்குத் தட்டவேண்டும். வட்டத்தின் சட்டம் அது. கோழிக்கூடையோடு இருந்த மனிசி, "எங்க கலியாணம்?" என்றாள். "பேரனப் பாக்கப் போறார். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கூச்சம்" என்றீர்கள், கண்ணைத் திறக்காமலே. தாளத்தில் லயித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அலை தூக்கியபோது என் கை நின்றது. கை மறுபடி அசையும்வரை உங்கள் பொல்லு தனியே தட்டியது.

அந்தப் பேரன் இப்போது லாஞ்சில் ஓடித் திரிகிறான். நான் பலகையில் விரலால் தட்டிக்கொண்டு பின்னால் இருப்பேன்.

அன்று மூதூரில் இறங்கும்போது உங்கள் சேர்ட் வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. ஜெட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். திரும்பிப் போகவும் லாஞ்ச் ஏறவேண்டுமே. அப்போது முதல் தட்டை நான்தான் தட்டினேன். ஆனால் வாய்வரை வந்ததைக் கேட்கவில்லை: தோணி கவிழ்ந்த பிறகு உங்களுக்கும் அதுதானே முதல் பயணம், நானா?