வண்டூர் வரை சைக்கிளில்

ஜங்லிகாட்,
ஞாயிறு, பகல் பதினொரு மணி.

அன்புள்ள ரூபாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நல்ல சுகம், நானும் சுகம்தான், தொடை இரண்டும் மட்டும் இன்று என் பேச்சைக் கேட்கவில்லை, அது ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நீ அங்கே டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் முதல் வரியிலேயே நீ குறுக்கிட்டுத் திட்ட ஆரம்பிப்பாய், கடிதமென்றால் முடிவு வரை படித்தாக வேண்டும். விஷயம் இதுதான், இன்று காலை நான் சைக்கிளில் வண்டூர் போய்வந்தேன். போக இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல், திரும்பி வர அதே அளவு. உன் அம்மாதான், ஐம்பத்து நான்கு வயது, ஸ்கூல் ஆபீஸ் ஹெட் கிளார்க் விசாலாட்சியேதான்.

எங்கள் ஸ்கூலுக்கு மௌமிதா என்று ஒரு பெங்காலிப் பெண் பி.டி. டீச்சராக வந்திருக்கிறாள். ஞாயிறுதோறும் விடியலில் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் போவாள். சின்ன வயதில் நான் ஓட்டியிருக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான், தன் பழைய கியர் சைக்கிளைக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்திவிட்டாள், அப்பா கண்ணில் படாமல் கொல்லைப்புறத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். டயர் என் சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். இரண்டு மாதமாக மெரினா பார்க் பக்கம் ஓட்டிப் பழகினேன், அப்பாவிடம் வாக்கிங் போவதாகச் சொல்லியிருந்தேன். மூன்றாவது வாரமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். ஒன்றும் கேட்காமல், சனிக்கிழமைதோறும் டயரில் காற்றடித்து வைத்திருக்கிறார் மனுஷர்.

நம் தீவில் ஐந்து மணிக்கே வெளுத்துவிடும் என்று உனக்குத் தெரியுமே. சுடிதார் கால் செயினில் சிக்காமலிருக்க ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கராச்சர்மாவில் இன்னும் நாலுபேர் சேர்ந்துகொண்டார்கள், எல்லோரும் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்ததால் யார் முகமும் தெரியவில்லை. ஒருவர் பின் ஒருவராக வரிசையாகப் போக வேண்டும், முன்னால் போகிறவர் ரோட்டில் குழியைப் பார்த்தால் கட்டா என்று இந்தியில் கத்த வேண்டும், அடுத்தவர் அதைப் பின்னால் இருப்பவருக்குக் கத்த வேண்டும், இப்படியே கடைசி ஆள் வரை போகும். எனக்கு அவசரத்தில் கட்டா வரவில்லை, பள்ளம் என்று கத்திவிட்டேன். எனக்குப் பின்னால் வந்தவரும் கணீரென்று பள்ளம் என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் ஹாண்டில் ஆடிப்போய்விட்டது ரூபா. பிரவீன்குமாரின் அப்பா, சிவஞானம் அண்ணாச்சி.

மூன்று வருடமாயிற்று நாங்கள் பேசி. பத்திரிகை அடித்த பிறகு நீ பிரவீனோடு கல்யாணம் வேண்டாமென்றதில் உன்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் நானே ஒதுங்கிக்கொண்டேன். அபர்டீன் பஜாரில் அவர்கள் ஹார்டுவேர் கடை இருக்கும் தெருவுக்கே போவதில்லை. அப்படிப்பட்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேகமாகத் தப்பிக்கலாம் என்று மேட்டில் அழுத்தி மிதித்தேன், கியரைத் தப்பாக மாற்றினேன், செயின் கழன்று சைக்கிள் நின்றுவிட்டது. மற்றவர்கள் மேடேறிப் போய்விட்டார்கள். அண்ணாச்சி மட்டும் இறங்கி, தங்கச்சி, நீங்க கையை வைக்காதிய, கிரீஸ் ஆயிரும் என்று சொல்லிவிட்டுக் குந்தி உட்கார்ந்து செயினை மாட்டினார். அவர் தலையை நிமிர்த்தாமலே, நீங்க எங்க தெருவைச் சுத்திப் போறது எனக்குத் தெரியும், நானும் ரேஷன் கடைக்கு உங்க வீட்டுப் பக்கம் வராம பின்னால உள்ள மேடு ஏறித்தான் போறேன், பிள்ளைய ரெண்டும் அதது பாட்டுக்கு நிம்மதியா இருக்கு, நாமதான் மூணு வருசமா ரோட்டைச் சுத்திக்கிட்டுக் கெடக்கோம் என்றார். எனக்கு முதலில் அழுகைதான் வந்தது, அது எப்படிச் சிரிப்பாக மாறியது என்று தெரியவில்லை, நடு ரோட்டில் இரண்டு பேரும் சிரிக்கிறோம், பால் வண்டிக்காரர் நிறுத்தி, ஆக்சிடெண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு சிப்பிகாட் இறக்கம். பிரேக்கைப் பிடிங்க என்று அண்ணாச்சி பின்னாலிருந்து கத்துகிறார், நான் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளவென்று கிடக்கிறது, கொக்குகள் எழும்பிப் பறக்கின்றன, காற்று வாய்க்குள் புகுந்து கன்னம் உப்புகிறது, நான் என்னவோ கத்திக்கொண்டே போயிருக்கிறேன். கீழே காத்திருந்த மௌமிதா, ஆண்ட்டி ஆராம் சே, ஆராம் சே, மெதுவாக மெதுவாக என்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவளையும் தாண்டிப் போய்த்தான் நின்றேன். வண்டூரில் கடலைப் பார்த்துக்கொண்டு டீயும் மூன்று சமோசாவும் சாப்பிட்டேன், சர்க்கரை போட்ட டீதான், அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

அங்கே அண்ணாச்சி போனில் பேத்தியைக் காட்டினார். பிரவீன் மகள், தவழ்கிறது, கொழுகொழுவென்று பெரிய காது. வரும் தையில் முதல் பிறந்தநாளாம். பிரவீன் அம்மாவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் எடுத்த எடுப்பில், ரூபா ஒல்லியாயிட்டாளா, அங்க நல்லா சாப்பிடுதாளா என்றுதான் கேட்டார்கள். பிறந்தநாளுக்கு நீயும் வர வேண்டுமாம். உன்னிடம் நேரில் வாழ்த்து வாங்க வேண்டும் என்று பிரவீனே சொன்னானாம்.

மூன்று வருடமாக லீவு கிடைக்கவில்லை என்று நீ சொல்கிறாய், நானும் அதையே எல்லோரிடமும் சொல்லி வந்தேன். காரணம் லீவு இல்லை என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும். இனி அந்தப் பொய் நம் வீட்டுக்குத் தேவையில்லை கண்ணு. வந்து உன் தெருவில் தலை நிமிர்ந்து நட.

அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார், பக்கத்தில் நின்று என் காலுக்குத் தைலம் எடுத்துத் தருகிறார். உடம்பும் மனசும் குளிர்ந்து நூறு வயது இருப்பாய். வரும்போது மறந்துவிடாதே, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுகிற, உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்த கால்சட்டை அங்கே நல்லதாகக் கிடைக்குமாம், இரண்டு வாங்கி வா. ஒன்று எனக்கு, இன்னொன்று பெரிய அளவில் பிரவீன் அம்மாவுக்கு, அடுத்த ஞாயிறு அவர்களும் பழக வருகிறார்கள்.

இப்படிக்கு,
உட்கார முடியாமல் நின்றுகொண்டே எழுதும் உன் அம்மா,
விசாலாட்சி இராமகிருஷ்ணன்