மில்லுக்கு ஒரு இடம்

உ
சிவமயம்

ஒதியம்பட்டு
ஈஸ்வர வருஷம் பங்குனி மாதம்

சைகோனில் இருக்கும் சிரஞ்சீவி உலகநாதனுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். கோகிலாம்பாள் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் மாடு கன்றும் சுகம், அதுபோல் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வைத்து, சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். கரும்பு வெட்டி முடிந்தது. சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை, அதைவிடக் கோபம் விட்டபாடில்லை, ஏன் என்று சொல்கிறேன், மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி.

நீ ஊரோடு வந்துவிடுவதற்காக நம் பின்மனையில் நெல்லு மில் வைக்க மனு கொடுக்கச் சொன்னாய் அல்லவா, அந்த இடத்துக்கு அனுமதி கிடையாது என்று வில்லியனூர் கொம்யூன் கச்சேரியான மேரியில் சொல்லிவிட்டார்கள். இதில் என் பிசகும் உண்டு. மனு போனதும் கொம்யூன் ஆள் வந்து தெருவில் தண்டோரா போட்டான், இன்ன இடத்தில் உமி எரிக்கிற எஞ்சின் வரப்போகிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் மேரிக்கு வந்து சொல்லலாம் என்று. நான் அதை நல்ல காரியத்துக்கு ஊரைக் கூப்பிடுகிற மாதிரி நினைத்துக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பின்தெரு முழுக்க வீடு வீடாகப் போனேன். ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை, கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். ஊரே சம்மதம் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். விசாரணை அன்று பார்த்தால் அத்தனை பேரும் மேரியில் வந்து நிற்கிறார்கள், மில் வேண்டாம் என்கிறார்கள், முதலில் பேசினவள் நம் வயலில் நடவு நடுகிற ராமாயி. அப்பா வீட்டுக்கு வந்து துண்டை உதறிப் போட்டு, “நீ குடுத்த வெத்தலயப் போட்டுக்கினு, அந்தச் செவந்த வாயாலயே நம்ம மேல சொல்லிட்டாளுங்கடி” என்றார். அதிலிருந்து அந்தத் தெரு வழியே போவதில்லை, வயலுக்குச் சுற்றிக்கொண்டு போகிறார், முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்.

எனக்கும் மனது ஆறவில்லை. கிணற்றடியில் ராமாயியைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “தட்டுல வந்த மகாலட்சுமிய வேணாம்னு எந்தப் பொம்பள சொல்லுவா, அம்மா? அதுக்காவ எங்க வூட்டக் கொளுத்திக்க முடியுமா?” என்றாள். போன சித்திரையில் அவள் கூரை எரிந்தபோது அரிசியும் பழம்புடவையும் எடுத்துக்கொண்டு ஓடினவள் நான்தானே. நம் மனைச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கூரைகள்தாம், மேல்காற்றில் ஒரு உமிப்பொறி போதும். பிள்ளை வருகிறான் என்ற சந்தோஷத்தில் அது என் கண்ணில் படவில்லை. வெற்றிலை வாங்கின செலவை மில் கணக்கில் எழுதியிருந்தேன், அதை அடித்துவிட்டு வீட்டுக் கணக்கில் சேர்த்தேன்.

பிறகு வெள்ளிக்கிழமை வில்லியனூர் கோயிலுக்குப் போனவள் அப்படியே மேரிக்கும் போனேன். அங்கே எழுதுகிற ஐயா பொறுமையாகச் சொன்னார், சட்டம் மில்லுக்கு விரோதம் இல்லையாம், இடத்துக்குத்தான் விரோதமாம். நெருப்பும் புகையும் உள்ள தொழில் குடியிருப்பை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும், செங்கல்லில் உயரமாகப் புகைக்கூண்டு கட்ட வேண்டும், வண்டி போக வழி வேண்டும். நஞ்சையாக இருந்தால் வாய்க்கால் வழக்கு வரும், ஊருக்கு வெளியே மேட்டுப் புஞ்சை ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த மேட்டுப் புஞ்சைதான் என் மஞ்சக்காணி. என் அம்மா மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று எனக்கு எழுதிவைத்தது, அவளுக்கு அவள் அம்மா வழியாக வந்தது. எனக்குப் பிறகு உன் தங்கை ஜெயாவுக்குத்தான், உனக்கு அதில் பாத்தியம் இல்லை. மாசி மகத்துக்குத் திருக்காஞ்சியில் முழுக்குப் போட ஜெயா பாகூரிலிருந்து வந்திருந்தாள், குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, ஆற்றங்கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டவள், “அண்ணன் இங்க வந்து இருந்தா எனக்குந்தாம்மா தாய்வூடு. ஆனா எனக்கும் ஒரு பொண்ணு கீது. அண்ணனே கேக்கட்டும், நீ கேட்டு நான் குடுக்கறதா இருக்கக் கூடாது” என்றாள். சின்னவள் என்று நினைத்திருந்தேன், நியாயமாகத்தான் பேசினாள்.

ஆகையால் மேரிக்கு மறுமனு எழுதுமுன் உன் தங்கைக்கு எழுது. அண்ணன் என்ற அதிகாரத்தில் எழுதாதே, நிலத்துக்கு ஈடாக அவள் மகளுக்கு என்ன செய்வாய் என்பதையும் அதிலேயே சொல். அவள் சரி என்று சொல்லும்வரை நான் மஞ்சக்காணியில் ஒரு கல் ஊன்றவிட மாட்டேன். அவள் இல்லை என்றாலும் மனக்கசப்பு வேண்டாம், மில் இல்லாவிட்டாலும் நீ வந்து இருக்க வீடு இருக்கிறது. அப்பாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது, பின்தெரு வழியாக நடக்கச் சொல்லி.

அம்பாள் உனக்குத் தீர்க்காயுசும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். கடற்காற்றில் மார்பைத் திறந்துபோட்டுக்கொண்டு படுக்காதே. மறந்துவிடாதே, ஜெயாவுக்குக் கடிதம் முதலில், எனக்குப் பிறகு.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
சு. விருத்தாம்பாள்