ஏழாம் நாள் பார்த்தவள்

7 பெப்ரவரி 2023

இன்று நான் எடுத்த வகுப்பில் மூன்று பேர் நித்திரை. தவ்றாத் வேதத்தில் வருகிற நோய்களைப் பற்றிப் பாடம் என்றால் வேறென்ன செய்வார்கள்.

எனக்கென்றால் வேறு நினைப்பே இல்லை. அதன் லேவியராகமத்தில் 'ஸாரஅத்' என்று எபிரேயத்தில் வருவது இன்றைய தொழுநோய் அல்ல, அதைக் காட்டி நோயாளிகளை ஒதுக்கக்கூடாது என்பதுதான் என் கட்டுரை. அது தோலில் வருகிறது, துணியில் வருகிறது, வீட்டுச் சுவரிலும் வருகிறது. சுவருக்குத் தொழுநோய் வருமா? ஒரு வசனம்தான் பிடிபடவில்லை. துணியில் நெடுக்கே ஓடும் பாவு நூலில் மட்டும் வருமாம், அல்லது குறுக்கே ஓடும் ஊடையில் மட்டும் வருமாம். ஒரே துணியில் அது எப்படி?

10 பெப்ரவரி

மருதமுனைக்குப் போனேன், தம்பி சாஜித்தின் தறிக்கு. கேட்ட கேள்விக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னான்: "பாவுக்குத்தானே ராத்தா கஞ்சி போடுற. கஞ்சி இரிக்கிற நூல்லதான் பூஞ்சணம் பிடிக்கும். மாரியில வந்து பாருங்க."

ஒரு மாதமாக நான் தலையைப் பிய்த்த வசனம்! இவனுக்கு ஒரு நிமிசம்.

பிறகு முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு திட்டைக் காட்டினான். போத்தல் மூடியளவு. "இதையும் உங்கட கிதாபுல பாருங்களேன்." பார்த்தேன். வேதம் சொல்லும் அடையாளங்கள் இல்லை: மயிர் வெளுக்கவில்லை. தோலைவிடப் பள்ளமாகவும் இல்லை. வேதத்தில் நோயைப் பரிசோதிக்கும் குரு சொல்வது போலவே சொன்னேன்: "ஏழு நாள் கழிச்சுக் காட்டு."

17 பெப்ரவரி

ஏழாம் நாள். திட்டு பரவவில்லை. "சுத்தம்" என்று தீர்ப்புச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். அவன் மனைவி கமீலா மட்டும் சிரிக்கவில்லை. "டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுவமா மதினி?"

தேமலுக்கு டொக்டரா? தேங்காயெண்ணெய் பூசச் சொல்லிவிட்டு வந்தேன். படித்த மதினி சொன்னால் அவளுக்கு மறுபேச்சு இல்லை.

2 மே

"நூல் அறுந்தா விரலுக்குத் தெரியுதில்ல ராத்தா" என்கிறான். வயசு போகுதுடா என்றேன். அவனுக்கு முப்பத்தாறு வயதுதான்.

11 ஜூலை

கஞ்சிச் சட்டியை அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கியிருக்கிறான். கை பொங்கிப்போயிருக்கிறது. சுட்டதே தெரியவில்லையாம். பொடுபோக்கன், எதிலும் கவனமில்லை.

13 ஜூலை

கட்டுரையின் பலமான வரியை இன்று எழுதினேன். 'தொழுநோயின் முதல் அடையாளம் தோல் மரத்துப்போவது. அதைப் பற்றி இந்த அதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை.' எழுதிவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

28 ஓகஸ்ட்

அச்சுப்படி திருத்த வந்தது. அந்த வரிக்கு வந்தேன். மரத்துப்போவது. திரும்ப வாசித்தேன். கஞ்சிச் சட்டி. அறுந்த நூல்.

யா அல்லாஹ், இது நான் எழுதின வரியா?

ஓட்டோ பிடிச்சுப் போனன். சாஜித்தக் கண்ண மூடச் சொன்னன். தறியில கிடந்த ஒரு நூல் துண்டெடுத்து அந்தத் திட்டில தடவினன். நடுவில, ஓரத்தில, சுண்டுவிரல் வரைக்கும். தடவிக்கொண்டே இரிக்கன்—

"தொடுங்களன் ராத்தா. என்னத்தப் பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க?"

4 செப்டம்பர்

கிளினிக். டொக்டர் கேதீஸ்வரன் அமைதியான மனிசன். தொழுநோய்தான். ஒரு வருசம் மருந்து. கட்டாயம் மாறும், மருந்து தொடங்கினால் ஆருக்கும் தொத்தாது, ஒதுக்கத் தேவையில்லை என்றார். ஆனால் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் வளையத் தொடங்கிவிட்டன. அவை நிமிரும் என்று வாக்குக் கொடுக்க ஏலாதாம். திட்டு எப்போது தெரிந்தது என்று சாஜித் சொன்னதும், "பெப்ரவரியிலயே இஞ்ச வந்திருந்தா" என்று தொடங்கி நிறுத்தினார்.

பிறகு கேட்டார்: "இது ஒண்டுமில்லை எண்டு ஆரும் சொன்னதா?"

சாஜித் என்னைப் பார்க்கவே இல்லை. "இல்ல டொக்டர். நான்தான் கவனிக்காம விட்டுட்டன்."

பக்கத்துக் கதிரையில் இருந்தேன். மருந்துச் சீட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

5 செப்டம்பர்

வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கைகழுவினேன். இரண்டு தரம். ஒதுக்கக்கூடாது என்று பத்துப் பக்கம் எழுதினவள். த்தூ.

19 நவம்பர்

கட்டுரை வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் 'பாவு நூல் விளக்கம் தந்த என் தம்பி சாஜித்துக்கு நன்றி.' கொண்டுபோய்க் காட்டினேன். மூன்று விரலால் பிடித்து வாசித்தான். தறியில் பாவு பாதியில் நிற்கிறது. ஊடை நூலை ஓட்டும் ஓடத்தை அவனால் இன்னும் பிடிக்க முடியவில்லை.

கமீலா பிளேன்டீ கொண்டுவந்தாள். "அண்டைக்கே டொக்டரிட்டப் போயிருக்கலாம். தான்தான் பொடுபோக்கா விட்ட எண்டு இவரு டொக்டருக்கும் சொன்னாராம்" என்றாள், என்னைப் பார்த்து.

"விடு கமீலா" என்றான் சாஜித், அவசரமாக.

"அவனில்ல" என்றேன். "நீ போகக் கேட்ட. நான்தான் மறிச்ச. அண்டைக்கு டொக்டர் கேக்கக்குள்ளயும் பக்கத்திலதான் இருந்தன். சொல்லல்ல."

அவள் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பிளேன்டீ ஆறும்வரை இருந்தேன். அவள் வெளியே வரவில்லை.