கஜலக்சுமி வீட்டு நந்தியாவட்டை

சூக், சுவிஸ்,
மாசி 27

அன்பு மகள் வேணுகாவுக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகம், சிங்கப்பூர் வெக்கையில் நீயும் கண் நோ மாறிச் சுகமாய் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் இதைச் சொல்ல ஏலாது, அப்பா பக்கத்தில் இருந்து காது கொடுப்பார்.

கம்பியூட்டர் பார்த்துக் கண் எரிகிறது என்று மார்கழியில் நீ கஜலக்சுமி அன்ரிக்கு எடுத்துக் கதைத்தாயாம். என்ரை வேணுகாவுக்கு நந்தியாவட்டைப் பூவை மூடின கண்ணுக்கு மேலை வைக்கச் சொன்னனான் என்று அவள் கோயிலில் நாலு பேருக்கு முன்னால் சொல்கிறாள். அவளுடைய வேணுகாவாம்! எனக்குப் பற்றி எரிந்தது. அவளிடம் நிற்கும் மரமே ஆறு வருடத்துக்கு முதல் நான் முறித்துக் கொடுத்த தடிதானே. கொடுத்த நாளிலிருந்து என்னுடையது பச்சை இலையோடு சும்மா நிற்கிறது, ஒரு மொட்டுக்கூட இல்லை. அவளுடையது பூத்துக் கொட்டுகிறது, வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையாருக்குப் போகிறது, ஐயர் வேறு புகழ்கிறார்.

தை மாதம் அவள் ஊருக்குப் போகும்போது அந்த மரத்தைத் தொட்டியோடு என்னிடம்தான் விட்டுவிட்டுப் போனாள். மூன்று கிழமை ஒழுங்காய்ப் பார்த்தேன், யன்னல் வெயிலில் வைத்து, மண் காய்ந்த பிறகே தண்ணீர் விட்டு, ஹீற்றருக்குக் கிட்டவும் வைக்கவில்லை. நாலாம் கிழமை அது என் மரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு மூன்று பூப் பூத்தது பிள்ளை. வேலைக்குப் போகமுதல் தூக்கிப் பல்கனியில் வைத்தேன். காற்றுப் படட்டும் என்று எனக்கே பொய் சொன்னேன், வெளியில் மைனஸ் ஏழு. பின்னேரம் ஒபிஸ் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் இலையெல்லாம் கறுத்துத் தொங்குகிறது. அவள் வந்து பார்த்து என்னை ஒரு சொல் சொல்லவில்லை. கண்ணூறு பட்டுப்போச்சு அக்கா, நீங்களே சுத்திப் போடுங்கோ என்று செத்தல் மிளகாயையும் உப்பையும் என் கையிலேயே தந்தாள். மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டேன். கண்ணூறு கடுமையென்றால் மிளகாய் நெடி எழும்பாது, உனக்குத் தெரியும்தானே. ஒரு தும்மல்கூட வரவில்லை. பாத்தியளோ, எவளோ பொல்லாத கண்ணுக்காரி என்றாள். ஓம் என்றேன்.

கறுத்த கொப்புகளை வெட்டிவிட்டேன். அடித்தண்டைக் கீறினால் உள்ளே பச்சை, தப்பிவிடும். உண்மையை நானே அவளிடம் சொல்லுவேன், அதுவரை நீ வாய் திறக்காதே. சொன்ன பிறகும் என் வயிற்றெரிச்சல் போகுமோ தெரியாது. நீ பூப் பறிக்கும்போது காம்பில் வடியும் பால் கண்ணில் பட விடாதே, கண் டொக்டரிடமும் ஒருக்கால் காட்டு.

பிள்ளையார் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். மறக்காதே, இனி என்ன நோ வந்தாலும் முதலில் எனக்கு எடு. எனக்கு மருந்து தெரியாவிட்டால் நான் கஜலக்சுமியைக் கேட்டுச் சொல்கிறேன்.

உன்னைப் பெற்ற அம்மா,
இராஜேஸ்வரி