பத்து நாள் துறவு

மார்ச் 4, 2007, ஞாயிறு

இன்றும் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ஊரின் மறுகோடியில், க்யிம்யிண்டைங் பேட்டையில், அந்தப் பௌத்தப் பெண் துறவியர் மடத்து வாசலில் வெயிலில் காய்ந்த பிறகுதான் புஷ்பா வந்தாள். மொட்டைத் தலை, ரோஜா நிற உடுப்பு. ஓர் ஆண்டாகப் போகிறது, இன்னும் கண்ணுக்குப் பழகவில்லை. போன திங்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு, ஊரே செய்வதுபோல, பத்து நாள் துறவு என்று சொல்லிப் போனவள். மற்றவர்கள் பத்தாம் நாள் துறவுச் சீலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார்கள். இவள் வரவில்லை. நாங்கள் இருவரும் குடியிருந்த போட்டாதாங் அறையில் நான் ஒருத்தியாகப் பொங்கி ஒருத்தியாகத் தின்கிறேன்.

"புஷ்பா" என்று கூப்பிட்டதுமே முகம் மாறிவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள். "இங்க தமிழ் பேசாதடி கனகு. நான் கலான்னு இவங்களுக்குத் தெரியாது."

கலா! இந்தியர்களை இங்கே ஏளனமாகச் சொல்கிற சொல். அதை இவளே தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். அவள் அம்மாவும் என் அம்மாவும் பர்மியர், அப்பாக்கள்தான் தமிழர்; எங்கள் முகமும் அம்மா முகம். அதை வைத்து ஏமாற்றுகிறாள். மடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வடக்கே மலையிலிருந்து வந்த பலாங் பெண்கள். தமிழைக் காதால்கூடக் கேட்டிராதவர்கள். அவர்களிடம் மறைத்து என்னத்தைக் கண்டாள்?

மார்ச் 25

மடத்துத் தலைவி ஸயாஜீயிடமே நேராகக் கேட்டுவிட்டேன், அவளை அனுப்புங்கள் என்று. "கதவு திறந்துதானே இருக்கிறது, அவளைக் கேள்" என்கிறார்.

பூட்டியிருந்தால் உடைக்கலாம். திறந்த கதவை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஏப்ரல் 8

முடிவு செய்துவிட்டேன். இந்தத் திங்ஜானுக்கு நானும் மொட்டை. பத்து நாள் அவள் பக்கத்திலேயே இருந்தால் மனசு மாறாமலா போகும்? நான் வேலை செய்யும் பருப்புக் கிடங்கில் லீவு கேட்டேன். மேஸ்திரி காஜா மைதீன் பாய் சிரித்தார். "போயிட்டு வாம்மா. ஆனா திரும்பி வந்துரு. போன வருஷந்தான் ஒருத்தியப் பறிகொடுத்தேன்."

ஏப்ரல் 12

முடி தரையில் விழக்கூடாதாம். உறவுக்காரர்கள் வெள்ளைத் துணி பிடிக்க வேண்டும். எனக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு முனையைப் புஷ்பாவே பிடித்தாள். லேசாகச் சிரித்தாள்கூட. வந்த காரியம் பாதி முடிந்ததென்று நினைத்தேன் — முட்டாள்.

ஏப்ரல் 14

நடுப்பகலுக்குப் பிறகு சோறு கிடையாது. பசி காதை அடைக்கிறது. அவள் மூத்த துறவியாம், நான் அவளைக் கும்பிட வேண்டுமாம். பேசப் போனால், "மந்திரம் பாடமாச்சா?" என்று பர்மியத்தில் கேட்கிறாள். எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

ஏப்ரல் 15

வெளியே ஊரே நனைந்து கூத்தடிக்கிறது. நான் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு பாலி மந்திரம் ஒப்பிக்கிறேன்.

ஏப்ரல் 20

அறைக்கு வந்துவிட்டேன். பத்து நாள் முடியவில்லை. மணிக்கட்டு இன்னும் சிவந்திருக்கிறது.

திங்ஜான் முடிந்து பர்மியப் புத்தாண்டன்று காலை, பூசை மண்டபத்தில் வைத்து அவளிடம் மறுபடி கேட்டேன். "நான் வர மாட்டேன். நீயும் இனிமேல் இங்கே வராதே" என்றாள், பர்மியத்தில், மந்திரம் சொல்கிற அதே குரலில். அவ்வளவுதான். எனக்குள் இருந்த தமிழ் முழுவதும் கொட்டிவிட்டது. "ஏன்டி, ஆறு வருஷம் ஒன்னா கெடந்தோமே, அதெல்லாம் பொய்யாடி? நீ வேணாம்னு எம் மூஞ்சியப் பாத்து நம்ம பாஷைல சொல்லுடி!" என்று கத்தினேன். விழுந்து புரண்டேன், தரையில் முட்டிக்கொண்டேன். மலைப் பெண்கள் மிரண்டுபோனார்கள். பேய் பிடித்துவிட்டது, பேய் ஏதோ பாஷை பேசுகிறது என்றார்கள். அடிபட்டுக்கொள்ளாமல் இருக்கத் தூணோடு சேர்த்துக் கையைக் கட்டினார்கள். தண்ணீர் தெளித்து மந்திரம் ஓதினார்கள். முடிச்சுப் போடும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது யார்? புஷ்பா.

ஸயாஜீ அவளிடம் கேட்டார். "இவள் பேசுவது என்ன மொழி? உனக்குத் தெரியுமா?"

"தெரியாது, ஸயாஜீ."

எனக்கும் பர்மியம் தெரியும். இது தமிழ், இவளுக்கும் இதுதான் மொழி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டை அவிழ்த்திருப்பார்கள். அவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு இல்லை. என்னைக் கட்டிப்போட அவளுக்கு மட்டும் எப்படி மனசு வந்தது?

கட்டை அவிழ்த்த பிறகு ஸயாஜீயே என் முகத்தைத் துடைத்துக் கஞ்சி கொடுத்தார். அந்த அம்மாவை வெறுக்கவும் முடியவில்லை. யாரைத்தான் திட்டுவது நான்?

ஏப்ரல் 23

மேஸ்திரி பாய் என் தலையைப் பார்த்தார். சல்லடையை எடுத்து நீட்டினார்.

மே 27, ஞாயிறு

மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். புஷ்பா. இந்த ஊர்ப் பெண்களைப்போல லுங்கி கட்டிச் சட்டை போட்டிருந்தாள், தலையில் முள்முள்ளாய் முடி.

"எல்லாத்தையும் ஸயாஜீகிட்ட சொல்லிட்டேன் கனகு. நான் தமிழச்சின்னு சொன்னேன். அதுனால என்ன, இருன்னாங்க. எனக்குத்தான் அங்க இருக்க முடியல."

அதனால் என்னவாம்! இந்த ஒரு பதிலுக்குப் பயந்தா என்னைத் தூணில் கட்டவிட்டாள்? ஒரு வருஷமாக நான் வேண்டியது வாசலில் நிற்கிறது. துள்ளிக் குதிக்க வேண்டாமா நான்? உள்ளே வா என்றேன். சோறு வடித்தேன், கருவாட்டுக் குழம்பு வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அழுதாள். அழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பாயை விரித்து, பழைய வழக்கப்படி சுவர்ப் பக்கமாக ஒதுங்கி எனக்கு இடம் விட்டாள்.

நான் கடைத்தெருவுக்குப் போய் இன்னொரு பாய் வாங்கி வந்தேன்.