பிள்ளைக்கு ஒரு சீட்

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

கடையில் இன்று மூன்று வண்டி. ஞானதாஸ் அண்ணன் தைத்துக் கொடுக்க, நான் மாட்டினேன். பதினோரு வருடமாகக் கார் சீட்டுக்கு உறை போட்டுப் பிழைக்கிறேன். கைக்குழந்தைக்கென்று தனியாக ஒரு சீட் உண்டு, அது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் போனில் உட்கார்ந்து பார்த்தேன். வெட்கக்கேடு.

ஹுஸ்னாவுக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஹுஸ்னாவிடம் படங்களைக் காட்டினேன். போனைக் கையில் வாங்கவே இல்லை. "பிள்ளைத் தள்ளுவண்டி வாங்குங்க. அது போதும்" என்றாள்.

எங்கள் பேகம்பூர் சந்தில் தள்ளுவண்டியா? எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 6

அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. "பொறக்கறதுக்கு முந்தியே சாமான் வாங்கி அடுக்குவியாடா? தஹ்சீனுக்கு அப்படித்தான் வாங்குனோம். தங்குச்சா?"

அதோடு விட்டிருக்கலாம். "சீட்டு என்னத்துக்கு? பெத்தவ கெட்டியாப் புடிச்சா பத்தாதா? அன்னிக்கு கைய விட்டுட்டா. இனியாச்சும் சூதானமா இருக்கட்டும்."

ஹுஸ்னா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டாள், கேட்டிருக்கிறாள். நான் வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதுரைக்கு ரயிலில் போனோம். ஒன்றரை வருடமாக ஹுஸ்னா காரில் ஏறுவதில்லை.

கடையில் எல்லாவற்றையும் அவிழ்த்துக் காட்டினார்கள். பின்பக்கம் பார்த்து வைக்கிற சீட், தோளுக்கு இரண்டு வார், இடுப்புக்கு இரண்டு, நடுவில் ஒரு பூட்டு. விற்கிற பெண் ஒரு பொம்மையை நீட்டி, "நீங்களே உக்கார வச்சுப் பாருங்கக்கா" என்றாள். ஹுஸ்னா இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் பொம்மையை வாங்கி வைத்தேன்.

தள்ளுவண்டியை மட்டும் நன்றாகப் பார்த்தாள். சக்கரம், பிரேக், படுக்கை. சாம்பல் நிறத்தில் ஒன்றைக் காட்டினாள். இரண்டையும் வாங்கினோம்.

திரும்பும்போது கொடைரோடு தாண்டியதும் தானாகச் சொன்னாள்: "வீட்டுக்குள்ளயும் பிள்ளைய இதுலதான் போட்டுக்குவேன். பால் குடுக்கற நேரம் தவிர என் கையில வேணாம். மாமி சொல்றது சரிதான். என் கை அப்படி."

தள்ளுவண்டி கேட்டதற்கு இதுதான் காரணம். நான் சிரித்தேனே.

ஆகஸ்ட் 11

எழுதிவிடுகிறேன். இங்கேகூட எழுதாமல்தான் இருந்திருக்கிறேன்.

போன வருடம் பிப்ரவரி. வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். முன்சீட்டில் ஹுஸ்னா, மடியில் எட்டு மாதத் தஹ்சீன். டிராக்டர் குறுக்கே திரும்பியது, பிரேக் அடித்தேன். ஹுஸ்னாவுக்கு இரண்டு மணிக்கட்டும் ஒடிந்தது. பிள்ளை போய்விட்டான்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். தெரியாதது — எங்கள் கடையில் தட்டு நிறைய வைத்திருப்போம், ஒரு சின்ன இரும்பு கிளிப். பெல்ட் பூட்டில் அதைச் சொருகிவிட்டால் வண்டி கத்தாது, பெல்ட் போட்டாயிற்று என்று நம்பிக்கொள்ளும். அந்தச் சத்தத்தில் பிள்ளை முழித்துக்கொள்கிறான் என்று முதல் நாள்தான் அவள் பக்கத்தில் ஒன்றைச் சொருகியிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்தும், அதைக் கேட்டுத்தான் அவள் போடுவாள். அன்று கத்தவில்லை. மறந்துபோனாள்.

ஆள் கூடுவதற்குள் அதை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அதுதான். அந்த நேரத்தில், பிள்ளை அப்படிக் கிடக்கும்போது, எனக்கு அது தோன்றியிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா, "கைய விட்டுட்டியேடி பாவி" என்று அலறியபோது கிளிப் என் பையில் இருந்தது. என்ன மனுசன்டா நீ.

பெல்ட் போட்டிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பானா? தெரியாது. மடியில் வைத்திருந்ததே தப்பு, எந்தக் கையாலும் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது என்று இப்போது படிக்கிறேன். ஆனால் அவள் ஒருத்திதான் கையை விட்டவள் ஆனாள்.

ஆகஸ்ட் 12

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஹுஸ்னாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடித்து அம்மா பக்கத்து வீட்டுக்குப் போன பிறகு. அழவில்லை, கத்தவில்லை. கடைசிவரை கேட்டாள்.

"சத்தம் வரலையேன்னு நெனச்சேன்" என்றாள். "பிறகு, சத்தம் வந்திருக்கும், எனக்குத்தான் கேக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன். ஒன்றரை வருசமா இதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். "என்கிட்ட சொல்லி என்ன. உங்கம்மாகிட்ட சொல்லுங்க. எங்கண்ணன்கிட்டயும் சொல்லுங்க." எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20

எங்கள் காரில் சீட்டைப் பொருத்தினேன். பின்சீட்டில் பெல்ட் பூட்டையே காணோம். பார்வைக்கு மொழுமொழுவென்று இருக்கட்டும் என்று நான்தான் பூட்டை உள்ளே அமுக்கி உறையை மாட்டியிருக்கிறேன். ஊரில் பாதி வண்டிக்கு அப்படித்தான் செய்திருப்பேன். பிளேடால் கீறி வெளியே எடுத்தேன். கடையிலிருந்து கிளிப் தட்டையும் எடுத்துவிட்டேன். "எடுத்துட்டா ஆளுங்க அடுத்த கடையில வாங்குவாக, அம்புட்டுத்தான்" என்றார் ஞானதாஸ் அண்ணன். வாங்கட்டும்.

ஆகஸ்ட் 24

அம்மாவிடம் சொன்னேன். "இத ஏன்டா இப்ப வந்து சொன்ன?" அவ்வளவுதான். ஹுஸ்னாவிடம் ஒரு வார்த்தை பேசுவாள் என்று நாள் முழுக்க எதிர்பார்த்தேன். பேசவில்லை. ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

முனீருக்கும் போன் செய்தேன். ஹுஸ்னாவின் அண்ணன், செம்பட்டியில் இருக்கிறான். முழுதும் கேட்டுவிட்டு லைனைத் துண்டித்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பெண் பிள்ளை. ஆபரேஷன். இருவரும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளை காதில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கைச் சொன்னேன். பாதியில் ஒருமுறை நிறுத்தித் தொடர்ந்தேன்.

நர்ஸ், "தொட்டில்ல போடட்டுமா?" என்றதற்கு ஹுஸ்னா இரண்டு கையையும் நீட்டினாள். "இங்க குடுங்க." வாங்கியவள் சாயங்காலம் வரை கீழே விடவில்லை. நான் வெளியே போய் அழுதேன். சந்தோஷம்தான், வேறு என்ன.

செப்டம்பர் 13, சனி

டிஸ்சார்ஜ். இரண்டாவது பிரசவம் எங்கள் வீட்டுப் பொறுப்பு என்றுதான் பேச்சு. அம்மா வீட்டைக் கழுவி வைத்திருந்தாள். முனீர் தன் காரோடு வந்து நின்றான்.

ஹுஸ்னா பிள்ளையோடு படியிறங்கி வந்தாள். "அந்த சீட்டக் கழட்டி அண்ணன் வண்டியில மாட்டிக் குடுங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பேன்.

மாட்டிக் கொடுத்தேன். அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. பிள்ளையை அவளே வைத்து, வாரை அவளே பூட்டி, பக்கத்தில் உட்கார்ந்து தன் பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள். எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"நாப்பது நாள் முடியட்டும்."

தள்ளுவண்டி பெட்டிகூடப் பிரிக்காமல் அறையில் இருக்கிறது.

அக்டோபர் 19

இன்றோடு நாற்பது நாள்.

நவம்பர் 2, ஞாயிறு

முனீர் போன் செய்தான். பிரசவத்துக்குப் பிறகு அவனாக என்னை அழைப்பது இதுதான் முதல் தடவை. பிள்ளை உம்மு சல்மா முகம் பார்த்துச் சிரிக்கிறாளாம். தலை கொஞ்சம் நிற்க ஆரம்பித்துவிட்டதாம்.

பிறகு கேட்டான்: "மச்சான், அந்த சீட்ட முன்பக்கமாத் திருப்பி மாட்டணுமில்ல, அது எப்ப? ஒரு வயசுலயே திருப்பிரலாமான்னு ஹுஸ்னா கேக்கச் சொன்னா."

ஒரு வயது. அடுத்த செப்டம்பர். அதுவரை அவள் அங்கேதான் என்று அந்த வீட்டில் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள், எனக்கு இப்படித் தெரிய வேண்டியிருக்கிறது. சரி, ஒரு வயதில் திருப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தப் பிரிவு ஒரு வருடத்தோடாவது முடியட்டுமே என்று.

"வேணாம் மாப்ள" என்றேன். "அவசரப்படாதீக. ரெண்டு வயசு வரைக்கும் பின்னாடி பாத்தே இருக்கட்டும். அதுதான் பிள்ளைக்கு நல்லது."

"சரி மச்சான், ரெண்டு வயசுன்னு சொல்லிர்றேன்" என்று வைத்துவிட்டான்.